இரவல் குரல்

சாயங்காலம் போன் அடித்ததும் ராயப்பன் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தார்.

"அப்பா, சாப்ட்டீங்களா?"

மகன் அமலனின் குரல்தான். ஆனால் அமலன் போதை ஊசியால் செத்து மூன்று வருடமாகிறது. பேசுவது, அந்த மருந்தை விற்றுச் சிறைக்குப் போன சேர்மதுரை. செத்தவன் குரலிலேயே, மகனாக, தினமும் அந்த வீட்டுக்குப் பேச வேண்டும் என்பதும் தண்டனையில் சேர்த்தி. குரலைச் சிறையின் போன் மாற்றிக்கொடுத்துவிடும்.

முதல் வருடம் முழுக்க ராயப்பன் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டு வைத்துவிடுவார். இப்போது வேறு யாரும் அவரைக் கூப்பிடுவதில்லை.

"கொழம்புல உப்பு கூடிட்டுல."

"தண்ணி ஊத்திக் கொதிக்க விடுங்கப்பா. பிரஷர் இருக்குல்லா?"

பிறகு அதே குரல் தயங்கியது.

"ஐயா, நாளைக்கு எனக்கு விடுதலை. எம்பொண்ணு கூட்டிட்டுப் போக வாரா. என்னைய மன்னிச்சிருங்க. உடம்பப் பாத்துக்கோங்க."

வழக்கம்போல் சிறை அதிகாரி போனை வாங்கினார். "ஒழுங்காப் பேசினானா சார்? குறை இருந்தா சொல்லுங்க. இன்னும் ஒரு வருஷம் உள்ள வச்சுப் பேசச் சொல்லலாம்."

ராயப்பன் அடுப்படியைப் பார்த்தார். குழம்புக்கு இன்னும் தண்ணீர் ஊற்றவில்லை.

"அப்பான்னு கூப்பிடல சார்," என்றார். "ஐயான்னுட்டான்."