ஒரு கீ, இரண்டு பெண்கள்

நகரத்து ஜனங்களின் பதிவேட்டுக் கணினி நிரலை எழுதியவள் பூங்கோதைதான். ஆளை அடையாளம் காட்டும் கீ மரபணுதான், ஒரு கீக்கு ஒரே ஆள். அதே கீயில் இன்னொருவரைப் பதிந்தால் முன்னவர் பதிவிலிருந்து அழிந்துபோவார். பிறகுதான் அவளுக்கு அச்சில் வார்த்தாற்போல இரட்டைப் பெண்கள் பிறந்தார்கள். நிரலை மாற்ற இப்போது அவளுக்கே அனுமதியில்லை.

தினமும் ஒருத்தியைப் பதிந்து பள்ளிக்கு அனுப்புவாள். மற்றவள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடப்பாள். இன்று வான்மதி பள்ளிக்குப் போயிருக்க, வீட்டிலிருந்த கயலுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக் கதவு திறக்கவில்லை.

"பாப்பா பதிவுலயே இல்லீங்களேம்மா," என்றார் காவலர்.

வேறு வழி? அங்கேயே போனில் கயலைப் பதிந்தாள். கதவு திறந்தது. கூடவே போனும் அடித்தது.

"அம்மா," வான்மதி விசும்பினாள், "நான் யாருன்னு டீச்சர் கேக்கறாங்க. என்ன சொல்லட்டும்?"