இரண்டாவது தம்ளர்

"ஐயையோ! அப்பாவும் கொட்டிட்டேனே!"

மேசையெல்லாம் பால். முதலில் கவிழ்ந்தது மகள் முயல்குட்டியின் தம்ளர்தான். அது உருண்டு நிற்பதற்குள் அப்பாவின் தம்ளரும் கவிழ்ந்தது.

"தினமும் இதே கூத்தா? அவளுக்குக் கை நடுங்குது. உங்களுக்கு என்ன கேடு?" துணியோடு ஓடி வந்தாள் அம்மா.

"எனக்கும் நடுங்குதே!"

நடுங்குகிற கையா அது? ஏணி மேல் நின்றபடி, கடைப் பலகையில் கோணாமல் கோடு இழுக்கிற பெயின்டர் கை!

துள்ளித் துள்ளி ஓடுவாள் என்றுதான் மகளுக்கு முயல்குட்டி என்று பெயர். சிறுமூளையில் இருந்த கட்டியை எடுத்த பிறகு, பாவம், சுவரைப் பிடித்துக்கொண்டு தள்ளாடித்தான் நடக்கிறாள். தம்ளர் வாய்க்குக் கிட்டே வரவர நடுக்கம் கூடிவிடுகிறது. பேச்சும் நின்றுபோயிருந்தது. "சில பிள்ளைங்களுக்கு இப்படி ஆகும். மெதுவா வந்துடும்" என்று டாக்டர் சொன்னதிலிருந்து, அம்மா காதைத் தீட்டிக்கொண்டே வேலை செய்கிறாள்.

மேசையைத் துடைத்தவளுக்குக் கோபம் இறங்கிவிட்டது. "ஆஸ்பத்திரியில இவளுக்கு நடக்கச் சொல்லிக்கொடுக்கிற பொண்ணு உங்களைப் பத்தித்தான் பேசுது. பிள்ளை கூச்சப்படக் கூடாதுன்னு தானும் கொட்டிக்கிற அப்பா யாருக்குக் கிடைப்பாங்கன்னு."

"அதுக்கு என்ன தெரியும்?" அவன் நிமிரவில்லை.

மறுபடி பால் ஊற்றினாள். மகள் இரண்டு கையாலும் தூக்கினாள். கொட்டியது. அடுத்த நொடி அவனுடையதும், இந்த முறை அம்மா வேலைக்குக் கட்டியிருந்த புடவை மேலேயே!

"இருங்க, இன்னிக்கு உங்களுக்கு இருக்கு!" சிரிப்பை அடக்கிக்கொண்டு கரண்டியை ஓங்கினாள்.

"ம்மா..."

குழறி, இழுத்து, ஒவ்வொன்றாக வந்தன சொற்கள்.

"அடிக்காத... அப்பா... வேணும்னு... கொட்டல."

கரண்டி கீழே விழுந்தது. அம்மா பாய்ந்து மகளைக் கட்டிக்கொண்டாள். "பேசிட்டா! என் தங்கம் பேசிட்டா! என்னங்க, கேட்டீங்களா?"

அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"ஆபரேஷனுக்கு முன்னாடி, கட்டி இருக்குன்னே தெரியாதப்போ, நீ வேலைக்குப் போயிருந்த ஒரு நாள், இதே மாதிரி பாலைக் கொட்டினா" என்றான். "இதையேதான் சொல்லி அழுதா. அடிக்காதப்பா, வேணும்னு கொட்டலன்னு. நான்தான் நம்பாம அடிச்சேன்."