பந்து போன பக்கம்

சனிக்கிழமை பத்து மணிக்குப் பெண் பார்க்க வரலாம் என்று சபாரத்தினம் சொன்னது நல்ல நேரம் பார்த்து அல்ல.

அதே பத்து மணிக்குத்தான் மகள் பிரசாந்தினி லண்டன் டூட்டிங் மைதானத்தில் ஓடிக்காட்ட வேண்டும். அமெரிக்கப் பெண்கள் அணி ஒன்று ஆள் எடுக்க வந்திருந்தது. அமெரிக்கன் ஃபுட்பால். சம்பளம் உண்டு. பிடித்துப்போனால் அமெரிக்காவுக்கே கொண்டுபோய்விடுவார்கள்.

அதில் அவள் வைட் ரிசீவராம், ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கிறவள்.

சபாரத்தினம் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்குக் கிரிக்கெட் ஆடிய மனிதர். அவருக்குத் தெரிந்த வைட் என்றால் பிழையாகப் போட்ட பந்து. பிழையான பந்தைப் பிடிக்க ஒரு பெண்பிள்ளை அமெரிக்காவுக்குப் போவதா? விடுவாரா மனிதர்! மாடிப்படியைப் பார்த்தபடி கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவள் இறங்கினால் சேலையோடுதான் இறங்க வேண்டும்.

மாப்பிள்ளை முகுந்த் ஒன்பது மணிக்கே தனியாக வந்துவிட்டான். தாய் தகப்பன் சென்னையில். சபாரத்தினத்தின் மனைவி ராஜலட்சுமி எங்கேயோ தேடிப் பிடித்த இடம். இந்தியப் பையன்தான், ஆனால் இவ்வளவு அவசரத்தில் வரச் சம்மதித்தவன் அவன் ஒருவன்தானே.

வந்ததும் பெண்ணின் விளையாட்டைப் பற்றிக் கேட்டான்.

"அதை விடும் தம்பி. ஒரு மேட்சில பந்து ரெண்டு தரம் கைக்கு வந்தாப் பெரிசு. மற்ற நேரமெல்லாம் சும்மா ஓட்டம்."

"சும்மா இல்ல அங்கிள். அவங்க ஓடினா எதிராளுங்க பின்னாடியே போவாங்க. பந்து இன்னொரு பக்கமா போயிடும்."

"இதென்ன ஏமாத்து வேலை!"

"கரெக்ட் அங்கிள். கிரிக்கெட் மாதிரி வருமா? நீங்க பேட்ஸ்மேனா?"

ஐயோ, அந்த ஒரு கேள்வி போதாதா! சபாரத்தினம் குடையைக் கையில் எடுத்தார். கதிரையைத் தள்ளினார். மாடிப்படிக்கு முதுகைக் காட்டி நின்று, கவர் டிரைவ் ஒன்றை அடித்துக் காட்டினார். முகுந்த் சத்தமாகக் கைதட்டினான். ஸ்வீப் எப்படி என்று கேட்டான். முழங்காலில் இருந்து அதையும் அடித்தார். எழும்புவதுதான் பெரும்பாடாகப் போயிற்று, பையன் கைகொடுத்துத் தூக்கிவிட்டான். என்ன அருமையான பிள்ளை! சபாரத்தினத்துக்கு மனசு குளிர்ந்துவிட்டது. இவனுக்குத்தான் பெண் என்று அந்த இடத்திலேயே முடிவு கட்டினார்.

தேநீர் வந்தது. தட்டு ராஜலட்சுமியின் கையில் இருந்தது.

"பிள்ளை எங்கையப்பா?" என்று மனைவியைக் கேட்டார்.

அவள் தட்டை முகுந்திடம் நீட்டினாள். சபாரத்தினம் திரும்பிப் பார்த்தார். மாடிப்படிக் கைபிடியில் சேலை தொங்கியது. சமையலறைக்கு அப்பால் பின்கதவு அகலத் திறந்து கிடந்தது.

முகுந்த் கோப்பையை எடுத்துக்கொண்டு, கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னான்.

"நான் சும்மா ஓட வந்தவன், அங்கிள்."