பூவும் வண்டும்

செயலாளர் எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்தினார். ஜன்னலையும் இழுத்துத் தாழ்ப்பாள் போட்டார். சரி, இன்றைக்கு நம்மை உரித்துத் தொங்கவிடப் போகிறார்கள் என்று டிகிரி முடிவு கட்டிக்கொண்டாள்.

தெருவிலேயே முதலில் பட்டம் வாங்கியவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். பாராட்டு பாதி, நக்கல் பாதி. கல்யாணம் ஆகப்போகிற பெண்களுக்குத் தாம்பத்தியம் பற்றிச் சொல்லித்தர ஒரு வகுப்பு. பள்ளிவாசல் நிர்வாகக் குழு தலையாட்டினால்தான் நடக்கும். அதற்காகத்தான் இப்படிக் குற்றவாளி மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் அவள் தங்கைக்கு நிக்காஹ். முதலிரவைப் பற்றி அம்மா அவளுக்குச் சொல்லித்தந்தது ஒரே பாடம்: "பல்லக் கடிச்சுக்க."

வகுப்புக்கான பாடத்தை எழுதியது டிகிரி. அதை மழித்தது, வகுப்பை நடத்தும் திட்ட அலுவலகத்து மேடம். உங்க ஆளுங்க மனசு புண்படக்கூடாது என்று சொல்லிச் சொல்லியே உறுப்புகளை எல்லாம் பூவாகவும் வண்டாகவும் ஆக்கிவிட்டார். தினமும் சாயங்காலம், யாராவது திட்டினார்களா என்று அக்கறையாக விசாரிப்பார். இல்லை என்று டிகிரி சொன்னால், நல்லா யோசிச்சுச் சொல்லு என்பார்.

டிகிரி படிக்க ஆரம்பித்தாள். பூ விரிந்தது. வண்டு வந்தது. மகரந்தம் வந்தபோது இமாம் கையைக் காட்டி நிறுத்தினார்.

"என்னம்மா இது, தோட்டக்கலையா?"

யாரும் சிரிக்கவில்லை. இமாம் தரையைப் பார்த்தபடியே பேசினார். அவர் மகள், கல்யாணமான கொஞ்ச நாளிலேயே ரத்தப்போக்கோடு வீடு திரும்பியவள். மாப்பிள்ளைக்கும் ஒன்றும் தெரியவில்லை, அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை. இப்போது சொந்தத் தாய் தலைவாரத் தொட்டால்கூட அலறுகிறாள். அந்தக் கதை தெருவுக்குப் போகக்கூடாது என்றுதான் செயலாளர் ஜன்னலைச் சாத்தியிருந்தார்.

"எல்லாத்தையும் அதோட பேரச் சொல்லியே நடத்து. வேணாம்னு சொல்ல பொண்ணுக்கு உரிமை இருக்குன்னும் சொல்லு. தெரிஞ்சுக்கறதுக்கு மார்க்கத்துல வெக்கமில்ல" என்றார் இமாம்.

குழுவில் ஒரு தலைகூட மறுத்து ஆடவில்லை. பையன்களுக்கும் தனியாக ஒரு வகுப்பு வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார்.

டிகிரி செருப்பைச் சரியாக மாட்டாமலே அலுவலகத்துக்கு ஓடினாள். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். மேடத்தின் முகம் செத்துப்போயிற்று.

"எல்லாருமா ஒத்துக்கிட்டாங்க?"

"எல்லாரும் மேடம்."

மேடம் கதவைச் சாத்திவிட்டு வந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல எடுத்துச் சொன்னார். இங்கே கடுமையான எதிர்ப்பு இருக்கிறது என்று அவர் எழுதி அனுப்பியதால்தான் பணம் தருகிற மேலிடம் இந்த ஊரையே எடுத்துக்கொண்டது. அந்த எதிர்ப்பை நேரில் பார்க்க நாளைக்கு ஆட்கள் வருகிறார்கள். இப்படி எல்லோரும் தலையாட்டினால், இந்த ஊருக்கு நாம் எதற்கு என்று வகுப்பையே தூக்கி வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

தங்கச்சிக்கு அடுத்த வாரம் என்றாள் டிகிரி.

மேடம் அவள் தோளில் ஆதரவாகக் கை வைத்தார்.

"ஒருத்தரையாவது எதிர்க்கச் சொல்லேன்மா."