தக்காளி மாத்திரை

வாசலில் கொம்புகள் முழங்கத் தொடங்கியபோது அசில்பெக்கின் நெற்றி கொதித்துக்கொண்டிருந்தது.

மஹ்லியோ கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். கொதிப்புதான்.

ஐந்து வயதுப் பையனுக்கு இன்று சுன்னத் விருந்து. பொன்னூல் போட்ட அங்கி, பூவேலை செய்த தொப்பி, முற்றத்தில் அவனுக்கென்றே சேணம் பூட்டி நிறுத்திய குட்டைக் குதிரை. மர்கிலான் ஊரில் பாதிப் பேர் வந்தாயிற்று. மீதிப் பேர் தெருமுனையில் வந்துகொண்டிருந்தார்கள். பெரிய கொப்பரையில் புலாவ் தம் போட்டிருந்தது.

மஹ்லியோ அந்த வீட்டுக்கு இளைய மருமகளாக வந்து மூன்றே மாதம். அசில்பெக் கணவனுடைய அண்ணன் மகன். அவனுக்கு உடுத்திவிடும் வேலையை நம்பி அவளிடம் விட்டிருந்தார்கள்.

"அம்மாகிட்ட சொல்லிடாத சித்தி. ஜுரம்னா குதிரை ஏத்த மாட்டாங்க."

அந்த முகத்தைப் பார்த்து யாரால் மறுக்க முடியும்?

சமையலறை அலமாரித் தட்டில், உப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் ஆஸ்பிரின் அட்டை இருந்தது. ஆண்டுதோறும் தக்காளி ஊறப்போடும்போது கெடாமலிருக்க ஜாடிக்கு மூன்று மாத்திரை போடுவார்கள். மருந்தென்ற நினைப்பே அங்கே யாருக்கும் இல்லை. பூண்டு, மிளகு மாதிரி அதுவும் ஒரு சாமான். குளிர்காலம் முழுக்க வீடே அந்தத் தக்காளியைத் தின்கிறது, பிள்ளைக்கு ஒன்று கொடுத்தால் என்ன?

பிஸ்மி சொல்லித்தான் கொடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் நெற்றி குளிர்ந்தது. அசில்பெக் குதிரையில் முற்றத்தை மூன்று சுற்று வந்தான். தப்பு மேளம் அதிர்ந்தது. பெண்கள் மிட்டாய்களை வாரி இறைத்தார்கள். மஹ்லியோ உள்ளங்கை சிவக்கக் கைதட்டினாள். ஒரு பிள்ளையின் பெருநாள் அவள் கையால் கெடாமல் தப்பியது.

இறங்கியவன் நேராகப் பாட்டி ஓய்தினிடம் ஓடி, நாக்கை நீட்டிக் காட்டி என்னமோ சொன்னான். ஓய்தின் அந்த வாயில் ஒரு கற்கண்டைத் திணித்து அனுப்பினாள்.

மாத்திரையைச் சொல்லிவிட்டானோ என்று மஹ்லியோ கைதட்டுவதை நிறுத்தினாள். மாமியார் ஓய்தின் எதற்கும் ஒரு குத்தல் சொல் வைத்திருப்பாள். கோப்பையில் பாதி தேநீர் ஊற்றுவதுதான் அங்கே மரியாதை; நிறைய ஊற்றினால், "விருந்தாளிய வெரட்டுறியா?" என்பாள். நாலு பேர் நடுவில்தான் சொல்வாள்.

சுன்னத் செய்ய டாக்டர் வந்தார். கை கழுவத் தண்ணீர் ஊற்றுவது இளைய மருமகளின் வேலை. மஹ்லியோ கெண்டியைச் சாய்த்தாள். அவர் விரல்களைத் தேய்த்தபடியே பையனின் அப்பாவிடம் கேட்டார்.

"ஜுரம், சளி எதுவும் இல்லையே? பத்து நாளுக்குள்ள ஆஸ்பிரின் ஏதாவது?"

"குதிரைக்குட்டி மாதிரி இருக்கான். நீங்களே பாருங்க டாக்டர்."

"குதிரைக்குட்டியா இருந்தாலும் கேப்பேன். ஆஸ்பிரின் சாப்பிட்டிருந்தா ரத்தம் லேசுல நிக்காது. நான் கத்தியத் தொட மாட்டேன்."

தண்ணீர் டாக்டரின் சட்டைக் கைக்குள் பாய்ந்தது. அவர் சிரித்துக்கொண்டே உதறிவிட்டு உள்ளறைக்குப் போனார்.

ஆண்கள் கூட்டத்தில் புது மருமகள் வாய் திறக்கும் வழக்கமில்லை. திறந்தால் விருந்து நின்றுவிடும். 'பிள்ளைக்கு என்னத்தையோ கொடுத்தவள்' என்ற பேர் சாகும்வரை கூட வரும். திறக்காவிட்டால் கத்தி.

அடுத்த பெரியவர் கை நீட்டினார். ஊற்றினாள். இன்னொருவர் நீட்டினார். ஊற்றினாள். மூன்றாமவர் நீட்டிய கையிலேயே கெண்டியைக் கொடுத்துவிட்டு ஓடினாள்.

உள்ளறையில் டாக்டர் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார். அசில்பெக் அவர் மடியில் உட்கார்ந்து வால்நட்டு தின்றுகொண்டிருந்தான்.

"டாக்டர், காலையில ஜுரம் இருந்துச்சு. மறைச்சுட்டேன். தக்காளிக்குப் போடுற மாத்திரை... நான்தான் குடுத்தேன்."

அவர் கை நின்றது.

"உங்க மாமியார் இப்பத்தான் வந்து சொல்லிட்டுப் போனாங்க. ஜுரம் அடிச்சுது, அவங்க கையால மாத்திரை குடுத்தாங்கன்னு. வேற யாரையும் விசாரிக்க வேணாம்னு வேற சொன்னாங்க." அவர் குரல் கடுமையானது. "ஒரு பிள்ளைக்கு ரெண்டு பேரா குடுத்திருக்கீங்க? மொத்தம் எத்தனை?"

"ஒண்ணுதான் டாக்டர். நான் குடுத்த ஒண்ணு மட்டும்தான்." "அத்தை விடியக்காலத்துல இருந்து கொப்பரைய விட்டு நகரவே இல்ல."

டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு காகிதம் எடுத்து எழுதத் தொடங்கினார்.

"ஜுரம் வந்த பிள்ளைக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாதும்மா. அது பெரியவங்களுக்கு. அவங்களும் சாப்பிட்டப்புறம்தான், வயித்துப்புண் இல்லேன்னாத்தான். இவனுக்குப் பாராசிட்டமால் எழுதறேன், எடைக்குத் தக்க அளவு. ஒரு வாரம் கவனிச்சுக்கங்க. விடாம வாந்தி எடுத்தாலோ, எழுப்பினா எழாம கெடந்தாலோ அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. சுன்னத்து பத்து நாள் கழிச்சு."

முற்றத்தில் கொம்பு மறுபடி முழங்கியது. விருந்து நிற்கவில்லை. கொப்பரை மூடியைத் திறந்துவிட்டார்கள் போல, புலாவ் வாசம் அறைவரை வந்தது.

அதற்கு மேலாக ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"ஏண்டி ஓய்தின், பேரனத் தக்காளின்னு நெனச்சு மாத்திரையக் குடுத்துட்டியாமே! குளிருக்கு அவனையும் ஜாடியில போட்டு மூடிடாத!"

பெண்கள் கூட்டமே கொல்லென்று சிரித்தது.

மஹ்லியோ கதவைத் திறந்தாள். நடுமுற்றத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அத்தனை பேரையும்விட உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள் ஓய்தின்.