மௌன ஞாயிறு

"தம்பி ரெஃப்ரி! கண்ணை வீட்லயே கழட்டி வச்சுட்டு வந்துட்டியா?"

டூலியின் குரல் மைதானத்தின் அந்தக் கோடிவரை போனது. பதினாறு வயது நடுவர்ப் பையன் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அவன் காதெல்லாம் சிவந்துவிட்டது.

ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டிருந்த வாரன், டூலியிடம் போய் ஒரு லாலிபாப்பை நீட்டினார்.

"இது ரெண்டாவது, டூலி."

"இந்த லாக்ரோஸ் சீசன் முடியறதுக்குள்ள எனக்குச் சர்க்கரை வியாதி வந்துடும்." டூலி அதைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டார்.

வருஷத்தில் ஒரு நாள் பால்டிமோர் நகரத்தில், வலை மட்டையால் பந்தை அள்ளி ஆடும் இந்தச் சிறுவர் லாக்ரோஸ் லீக்கில் மௌன ஞாயிறு. பெற்றோர் கைதட்டலாம். வாய் திறக்கக் கூடாது. திட்டவும் கூடாது, பாராட்டவும் கூடாது. திறந்தால் லாலிபாப். மூன்றாம் முறை திறந்தால் கார் நிறுத்துமிடத்துக்குப் போய்விட வேண்டும். அடுத்த ஆட்டத்துக்கும் வர முடியாது. கவனித்துக்கொள்ள ஒவ்வொரு அணியிலும் ஒரு பெற்றோர். இந்த அணிக்கு வாரன்.

"மூணாவது வேண்டாம். அடுத்த வாரம் ஃபைனல்."

"தெரியாதா எனக்கு? என் பையன் ரோரி நேத்திலேர்ந்து மட்டையைக் கட்டிப் புடிச்சுக்கிட்டுத் தூங்கறான்."

டூலி மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். பக்கத்திலிருந்த, இன்னொரு பையனின் அம்மா மெரிடித் தன் நாற்காலியை ஓரடி தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதி. இரண்டு அணியும் சமம். வாரனின் மகன் டோபின் உருண்டு வந்த பந்தை வலை மட்டையில் அள்ளிக்கொண்டு ஓடினான். எதிரணிப் பையன் தோளால் இடித்தான். பந்து எகிறிப் போனது. டோபின் குப்புற விழுந்தான்.

முட்டி போட்டு எழுந்தவன் அப்படியே நின்றுவிட்டான். பந்து போன பக்கம் பார்க்கவில்லை. பெற்றோர் நிற்கும் பக்கம் பார்த்தான்.

வாரன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முகத்தில் ஒன்றுமில்லை.

"டோபின்! விட்டுத்தள்ளுடா! ஓடு, ஓடு!"

டூலி எழுந்து நின்றிருந்தார். லாலிபாப் புல்லில் கிடந்தது.

டோபின் ஓடினான். விசில் ஒலித்தது.

நடுவர்ப் பையன் வாரனிடம் வந்தான். "சார், இது மூணாவது. ஆனா திட்டலையே. நீங்க பரவால்லன்னா நானும் விட்டுடறேன்."

"பையன் விழுந்துட்டான், தன்னால வந்துடுச்சு வாரன்," என்றார் டூலி. "ஃபைனலுக்கு நான் இல்லேன்னா ரோரி ஒடிஞ்சு போயிடுவான்ப்பா."

"உங்களுக்கு ஒரு விதி, மத்தவங்களுக்கு ஒரு விதியா? விழுந்தது என் பையன். அவன்கிட்டப் போய்க் கத்தறீங்க."

டூலி குனிந்து புல்லில் கிடந்த லாலிபாப்பை எடுத்துக்கொண்டார். நாற்காலியை மடக்கிக்கொண்டு போனார். அவர் கார்கள் பக்கம் போய் மறையும்வரை, மைதானத்தின் நடுவிலிருந்து ரோரி பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தார்கள்.

மெரிடித் வாரனின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "நல்ல காரியம் பண்ணீங்க. யாராவது ஒருத்தர் அந்த ஆளுக்குச் சொல்லணும்ல? நீங்க இருக்கற இடமே தெரியாது. டோபின் குடுத்து வச்சவன்."

"பிள்ளைங்க பயமில்லாம விளையாடணும், அவ்வளவுதான்," என்றார் வாரன்.

கார் நிறுத்துமிடத்தில் டூலி தன் வண்டியில் சாய்ந்து நின்றார். ரோரி அழுத கண்ணோடு ஓடிவந்து அவர் வயிற்றில் முட்டினான்.

"ஜெயிச்சீங்களா?"

"ம்."

"எத்தனைக்கு எத்தனை?"

"மறந்துட்டேன். ஃபைனலுக்கு நீ வரமாட்டியாப்பா?"

"மைதானத்துக்குள்ளதான் வரக்கூடாது. இங்கேர்ந்து கத்தினா உனக்குக் கேக்காதா? எனக்கிருக்கற தொண்டைக்கு?"

ரோரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தான். "ஸ்னோபால் ஐஸ் வாங்கித் தரியா? மேல மார்ஷ்மெல்லோ போட்டு. டோபினும் வரட்டும்பா."

டோபின் தன் அப்பாவைப் பார்த்தான்.

"இன்னொரு நாள்," என்றார் வாரன். "போற வழியில நாங்க கொஞ்சம் பேசணும்."

டோபின் பின் இருக்கையில் விளையாட்டுப் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கார் தெருவுக்கு வந்தது.

"அவர் என்னைத் திட்டலப்பா," என்றான்.

"அவரை விடு. முதல் கால் பகுதி. பந்து உன்கிட்ட ரெண்டு தடவை வந்துது. இடது கைக்கு மாத்தினியா?"

"ஒரு தடவை."

"இன்னொரு தடவை?"

"மறந்துட்டேன்."

"மறந்துட்டே. புதன்கிழமை கொல்லையில ஒரு மணி நேரம் எதுக்கு நின்னோம்?"

டோபின் பையின் வாரை விரலில் சுற்றினான்.

"நான் கத்தறேனா? சும்மா கேக்கறேன். எதுக்கு நின்னோம்?"

"இடது கைக்கு."

"அப்ப அது மறதியா, அக்கறை இல்லாததா? யோசிச்சு நீயே சொல்லு. அவசரமில்ல."

குரல் உயரவே இல்லை. விரைவுச்சாலைக்குள் நுழைந்தபோது முதல் கால் பகுதி முடிந்திருந்தது. வீட்டுக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது.

"சரி. ரெண்டாவது கால் பகுதி," என்றார் வாரன், கண்ணாடி வழியே பின்னால் வரும் லாரியைப் பார்த்தபடி.

டோபின் பையின் ஜிப்பை மெதுவாகத் திறந்தான். ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டி, தாடைப் பட்டையை இழுத்துப் பொருத்திக்கொண்டான்.