ஜன்னலோர இடம்

கறிக்கடைக் கூண்டில் கடைசியாக மிஞ்சியிருந்தது இரண்டே பேர். செம்பி என்ற கோழியும், இன்னும் சரியாகக் கூவப் பழகாத ஓர் இளஞ்சேவலும்.

"போனவங்க ஒருத்தரும் திரும்பி வரலையே அக்கா. அந்த இடம் அவ்வளவு நல்லாருக்கும் போல" என்று அவன் அடிக்கடி சொல்வான். செம்பிக்குச் சிரிப்பு வரும், கூடவே பாவமாகவும் இருக்கும். சின்னப் பயல், அவனுக்கு என்ன தெரியும்?

கூண்டுக் கதவு திறந்தது. உள்ளே வந்த கை செம்பியின் பக்கமாகத் துழாவியது. அவள் மூலையோடு ஒட்டிக்கொண்டாள். கைக்கும் அவளுக்கும் நடுவே இளஞ்சேவல் வந்து நின்றான்.

"நான் முந்திப் போய் உங்களுக்கு ஜன்னலோரமா இடம் பிடிச்சு வைக்கிறேன் அக்கா."

அவன் கால்கள் வெடவெடவென்று நடுங்குவதை அப்போதுதான் செம்பி பார்த்தாள். அதற்குள் கை அவனைப் பிடித்துவிட்டது.

மறுநாள் கூண்டில் புதுக் கோழிகளை இறக்கினார்கள்.

"இங்கேருந்து நம்மள எங்கே கூட்டிட்டுப் போவாங்க அக்கா?" என்று ஒன்று கேட்டது.

"தெரியலைம்மா. போனவங்க ஒருத்தரும் திரும்பி வரலை. அவ்வளவு நல்ல இடம் போல" என்றாள் செம்பி.

புதியவை சிரித்தன. செம்பி தன் கால்கள் வெளியே தெரியாதபடி இறகுக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.